கலப்பத்து

மற்றவர்கள் மரத்தில் வேலை பார்க்கிறார்கள்,
நான் மரம் இல்லாத இடத்தில்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
நகக்கண் அளவு இடுக்கு;
பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அழுத்தி,
சுத்தியால் தட்டி, மக்கு பூசி,
மக்கின் மேல் செந்தூரம் பூசினால்
கலப்பத்து முடிந்தது.
கரியாக்கூ தீவில், விண்ட்வர்ட் கரையில்
இதைச் செய்கிற பெண் நான் ஒருத்திதான்.
பெயர் இக்னேஷியா.
கடன் கேட்டு வருபவர்களுக்கு மிஸ் இக்னேஷியா.

கோஸ்மோ என்னோடு பேசிப் பதினோரு வருடம்.
அவன் அறைந்த பலகை, நான் அடைத்த இடுக்கு,
அந்தப் படகு
பெத்தி மார்த்தினிக்கைத் தாண்டுமுன் மூழ்கியது.
ஆள் சேதமில்லை.
சிமெண்ட் மூட்டைகள் அடியில் போய்க் கல்லாயின.
வெங்காயம் மட்டும் மிதந்து வந்தது,
மூன்று வாரம்.
ஊரே பொறுக்கிச் சமைத்தது.
கப்பல் கவிழ்ந்ததென்று
நான் கன்னத்தில் கை வைக்கவில்லை;
கையில் அடுத்த படகின் உளி இருந்தது.
பலகையா, இடுக்கா?
ரம் கடையில் இரண்டு கட்சி.
சாட்சி இருபது பாகம் ஆழத்தில்.

இந்த வருடம் வெரோல் புரூக்ளினுக்குப் போய்விட்டான்,
கோஸ்மோவின் படகுகளுக்கு வழக்கமாய் அடைப்பவன்.
அதனால் நான்.
கூலி பேச அவன் தங்கைதான் வந்தாள்.

வரைபடம் கிடையாது.
கோடரியோடு மலையேறி
காற்று வளைத்த சீடர் மரங்களைச் சுற்றிச் சுற்றி வருவான்.
இது அணியத்துக்கு, இது மூன்றாம் வங்குக்கு என்று
நிற்கிற மரத்திலேயே படகைப் பார்த்துவிடுவான்.
ஒத்துக்கொள்கிறேன்.
பகையாளி வேலைக்காரனாக இருப்பது பெரிய தொந்தரவு.

இரவில் அவன் உள்ளே விளக்கைப் பிடிப்பான்.
நான் வெளியே இருட்டில் குந்தி
எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்பேன்.
கசிகிற இடத்தில் ஒரு தட்டு.
விளக்கு நகரும்.
ஏழு வாரம் இதுதான் எங்கள் பேச்சு.
ஒவ்வொரு ராத்திரியும்
அவன் இன்னும் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தான்.
கடைசி இடுக்கை அடைத்த அன்று
உள்ளே அவன் இருமுவது மட்டும் கேட்டது.

ஒன்று சொல்கிறேன், உங்களிடம் மட்டும்.
அந்தப் பழைய படகில்
இடப்பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு முழம்.
மழை பிடித்துக்கொண்டது.
ஈரப் பஞ்சையே வைத்து அடைத்தேன்.
அந்த ஒரு முழம்தானா, தெரியாது.
அவனுக்கும் கண் விழுந்த பலகை ஒன்று இருந்திருக்கலாம்,
மக்கு வைத்து மறைத்தது.
அதுவும் தெரியாது.

இறக்குகிற நாள். பாதிரியார், ஆடு, ரம்.
முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட
படகு ஒருக்களித்து உருளைகள் மேல் படுத்தது.
பள்ளிக்கூடமே வந்து கயிறு இழுத்தது.
துணி விலகிப் பெயர் தெரிந்தது: லூரீன் ஜி.
உரிமைக்காரர் அழுதார்,
ஹட்டர்ஸ்ஃபீல்டில் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டிய காசு.
பிறகு அண்டாவில் ஆட்டுக்கறி.
எதிர் பெஞ்சில் கோஸ்மோ
தட்டின் ஓரத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டிருந்தான்.
வெங்காயம்.
என் தட்டைப் பார்த்தேன்.
நானும்தான்.

புதுப் படகு முதல் இரவு தண்ணீர் குடிக்கும்.
மரம் ஊறி, தடித்து,
தானே இடுக்கை நெரிக்கும் வரை
யாராவது உள்ளே இருந்து இறைக்க வேண்டும்.
யாரும் சொல்லாமல் போனேன்.
எனக்கு முன்பே வந்து குந்தியிருந்தான்.
தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது.
அவன் பலகையைத் தடவினான்,
நான் இடுக்கைத் தடவினேன்.
இரண்டும் ஒரே இடம்தான்.
மூன்று மணிக்கு ஒரு சாண்.
நான்கு மணிக்கும் அதே சாண்.
"வாளியைக் கொடு" என்றான்.
பதினோரு வருடம் யோசித்து
ஒரு மனிதன் தேர்ந்தெடுத்த சொல், வாளி.

கொடுத்தேன்.
பிடி கொஞ்சம் ஆட்டம், பார்த்து, என்றேன்.